கலலூ: ஒரு சட்டியில் அடங்கிய தீவுகளின் வரலாறு

பேரரசர்களின் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டுக் கிடக்கிறது. வணிகர்களின் வரலாறு அவர்தம் கணக்கேடுகளில் உள்ளது. ஆனால் எழுத்தறிவு மறுக்கப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு, கடல் கடந்து கொண்டு செல்லப்பட்ட உழைக்கும் மக்களின் வரலாற்றை எங்கே சென்று தேடுவது? அத்தகைய மக்கள் தம் கதையை எழுதி வைத்த இடங்களுள் அடுப்படியும் ஒன்றாகும். மேற்கிந்தியத் தீவுகளில் இன்றும் இல்லந்தோறும் சமைக்கப்படும் 'கலலூ' என்னும் கீரைக் குழம்பு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக விளங்குகிறது.

சேம்பிலை, வெண்டைக்காய், பறங்கிக்காய், தேங்காய்ப்பால், மிளகாய், நண்டு ஆகியன ஒன்றாக வெந்து குழைந்த பச்சை நிறக் குழம்பே டிரினிடாட் தீவின் கலலூ. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் உணவில் இதற்குத் தனியிடம் உண்டு. அத்தீவினர் இதனைத் தம் நாட்டுக்கே உரிய உணவென்று பெருமையுடன் கூறுவர். எனினும் இச்சட்டியினுள் சேர்ந்த பொருள்களுள் பெரும்பாலானவை அத்தீவில் தோன்றியவை அல்ல. அவற்றைச் சமைத்த கைகளும் அத்தீவுக்குத் தாமாக விரும்பி வந்தவை அல்ல.

பெயரும் பொருளும்

'கலலூ' என்னும் சொல்லின் பிறப்பிடம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. தென்னமெரிக்கப் பழங்குடி மொழியொன்றில் கீரையைக் குறித்த சொல்லே இவ்வாறு திரிந்தது என்பர் சிலர். ஆப்பிரிக்க மொழிகளில் அதன் வேர் உள்ளது என்பர் வேறு சிலர். பிரேசில் நாட்டின் பாயியா பகுதியில் வெண்டைக்காயும் உலர்ந்த இறாலும் செம்பனை எண்ணெயும் சேர்த்துச் சமைக்கும் உணவிற்குக் 'கருரு' என்று பெயர் வழங்குவது ஈண்டு நோக்கத்தக்கது.

ஒரே சொல் தீவுக்குத் தீவு வெவ்வேறு கீரையைச் சுட்டுகிறது. ஜமைக்காவில் கலலூ என்றால் முளைக்கீரை இனத்தைச் சேர்ந்த கீரை. டிரினிடாட்டில் அது சேம்பிலை. கிடைத்த கீரைக்கு நினைவில் இருந்த பெயரைச் சூட்டிக்கொண்ட மக்களின் நிலை இதனால் புலனாகும்.

முதற்குடிகள் விட்டுச் சென்றவை

1498ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் கொலம்பசு டிரினிடாட் தீவைக் கண்டார். அப்பொழுது அங்கு வாழ்ந்த பழங்குடியினர் மரவள்ளியும் மிளகாயும் பறங்கிக்காயும் பயிரிட்டு வந்தனர். கைப்பு மரவள்ளியின் நச்சுச்சாற்றைக் காய்ச்சி நஞ்சகற்றி, அக்கரிய குழம்பில் இறைச்சியும் மிளகாயும் இட்டு நெடுநாள் கெடாமல் காக்கும் கலையையும் அறிந்திருந்தனர். கயானாவில் இன்றும் அவ்வுணவு சமைக்கப்படுகிறது. வந்தேறிகளின் கொடுமையாலும் அவர்கள் கொணர்ந்த நோய்களாலும் அப்பழங்குடியினர் தொகை பெரிதும் குன்றிற்று. ஆயினும் அவர்களுடைய மிளகாயும் பறங்கிக்காயும் கலலூச் சட்டியினுள் நிலைத்து நின்றன.

கரும்பும் பசியும்

சர்க்கரையின் பொருட்டு இலட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் அத்தீவுகளுக்கு விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டனர். தோட்ட முதலாளிகள் நல்ல நிலம் முழுவதிலும் கரும்பையே நட்டனர். உணவைக் கப்பலில் வரவழைத்தனர். வட அமெரிக்கக் கரையிலிருந்து வந்த உப்பு மீன், ஐரோப்பியச் சந்தையில் விலைபோகாத தாழ்ந்த தரத்தது. அதுவே அடிமைகளின் படி.

இம்முறை எத்துணைக் கொடிய விளைவைத் தரவல்லது என்பதை ஜமைக்காவின் வரலாறு காட்டுகிறது. அமெரிக்க விடுதலைப் போராலும் அதன்பின் விதிக்கப்பட்ட வணிகத் தடைகளாலும் உணவுக் கப்பல்களின் வரவு குன்றிய காலத்தில் சூறாவளிகளும் அடுத்தடுத்துத் தாக்கின. 1780 முதல் 1787 வரையிலான ஆண்டுகளில் பட்டினியாலும் அதனால் விளைந்த நோயாலும் ஏறத்தாழ 15,000 அடிமைகள் மாண்டனர் என அத்தீவின் சட்டமன்றமே குறித்து வைத்தது. அடிமைகளுக்கு மலிவான உணவு தேடும் நோக்கத்துடனேயே கப்பல் தலைவர் பிளை, தாகித்தித் தீவிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளைக் கொண்டுவர அனுப்பப்பட்டார். முதற்பயணம் 1789இல் கப்பற்கலகத்தில் முடிந்தது. இரண்டாம் பயணத்தில், 1793இல், கன்றுகள் கரை சேர்ந்தன.

முதலாளிகள் அளித்த படி போதாத இடத்தில் அடிமைகள் தாமே தமக்கு உணவு தேடிக்கொண்டனர். கரும்புக்கு உதவாத மலைச்சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் சிறு துண்டு நிலங்கள் அவர்களுக்கு விடப்பட்டன. ஞாயிற்றுக்கிழமையே அந்நிலத்தில் உழைக்கவும், விளைந்ததைச் சந்தையில் விற்கவும் கிடைத்த நாள். வாரம் முழுவதும் பிறருக்காகக் குனிந்த முதுகு, அந்த ஒரு நாள் தனக்காகக் குனிந்தது. வெண்டையும் கீரையும் கிழங்கும் அங்கு விளைந்தன. சதுப்பு நிலக் காடுகளில், மழை தொடங்கியதும் வளைவிட்டு வெளிப்படும் நண்டுகள் காசு கொடாமலே கிடைத்தன.

ஆப்பிரிக்க மண்ணில் பழகிய பயிரான வெண்டை அடிமை வணிகத்தின் வழியே அத்தீவுகளை அடைந்தது. டிரினிடாட்டில் அதனை 'ஓக்ரோ' என்பர். பிரெஞ்சுத் தீவுகளில் 'கொம்போ' என்பர். இரண்டும் ஆப்பிரிக்க மொழிச் சொற்களின் வழிவந்தவை. மொழியை இழந்த மக்கள் காய்கறியின் பெயரை இழக்கவில்லை.

கீழைக்கடல் தந்த இலையும் காயும்

கலலூவிற்கு உடல் தருவது சேம்பிலை. உயிர் தருவது தேங்காய்ப்பால் எனலாம். இவ்விரண்டும் கீழைக்கடல்களைச் சார்ந்தவை. சேம்பு தென்கிழக்காசியாவிலும் அதனையடுத்த தீவுகளிலும் தொன்றுதொட்டுப் பயிரிடப்பட்டது. அங்கிருந்து பழங்காலத்திலேயே ஆப்பிரிக்காவை அடைந்து, பின்னர் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றது. டிரினிடாட் மக்கள் அதனை 'டஷீன்' என்பர். 'சீனத்தினது' என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் திரிபே இப்பெயர் என்று பலரும் கருதுவர். சேம்புக்கு உறவான மற்றொரு கிழங்கினம் அமெரிக்க மண்ணிலேயே தோன்றியது. அதன் இலையும் கலலூவில் இடம்பெறும்.

தென்னையோ 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியக் கப்பல்களின் வழியே அத்லாந்திக் கரைகளைச் சேர்ந்தது. அக்கரைகளில் வளரும் தென்னைகள் இந்துமாக்கடல் வழிவந்த மரபினைச் சேர்ந்தவை என்பதை 2011ஆம் ஆண்டு வெளிவந்த மரபியல் ஆய்வும் உறுதிப்படுத்தியது.

1783ஆம் ஆண்டு இசுபானிய அரசு பிறப்பித்த குடியேற்ற ஆணையின் பயனாக, மார்த்தினிக், கிரெனடா முதலிய தீவுகளிலிருந்து பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தம் அடிமைகளுடன் டிரினிடாட்டில் குடியேறினர். 1797இல் ஆங்கிலேயர் அத்தீவைக் கைப்பற்றியபோது அங்கு ஏறத்தாழ 10,000 அடிமைகள் இருந்தனர். ஆட்சி ஆங்கிலேயரிடம் சென்றாலும் சமையல் பிரெஞ்சுத் தீவுகளின் சாயலிலேயே அமைந்தது. வெங்காயத்தாளும் தைம் என்னும் ஐரோப்பிய மூலிகையும் சட்டியில் சேர்ந்தன.

சமைக்கும் முறை

ஒரு குடும்பத்திற்கு ஏறத்தாழ 12 சேம்பிலை, 8 வெண்டைக்காய், ஒரு கீற்றுப் பறங்கிக்காய், 2 குவளைத் தேங்காய்ப்பால், 4 நண்டு போதுமானவை. நண்டுகளைப் பிளந்து எலுமிச்சைச் சாற்றால் நன்கு கழுவுவர். சேம்பிலையின் தண்டு நாரை உரித்து இலையை நறுக்குவர். வெண்டைக்காய், பறங்கிக்காய், வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள், தைம் அனைத்தையும் இலையுடன் சேர்த்துத் தேங்காய்ப்பாலும் நீரும் ஊற்றி அடுப்பிலேற்றுவர். சேம்பிலை அரைவேக்காடாக இருந்தால் தொண்டை காறும். ஆகவே மெல்லிய தீயில் முக்கால் மணி நேரமேனும் வேகவிடல் வேண்டும். உப்பிட்ட பன்றியிறைச்சித் துண்டுகளை இடுவாரும் உளர்.

இச்சமையலில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. ஒன்று மிளகாய். கடும் உறைப்புள்ள உருண்டை மிளகாய் ஒன்றைக் காம்புடன் முழுதாகக் குழம்பின் மேல் மிதக்கவிடுவர். அதன் மணம் மட்டும் இறங்க வேண்டும். வெடித்துவிட்டால் ஒருவரும் உண்ண இயலாது. எனவே கிளறும் கை எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். குழம்பைக் கடையுமுன் அதனை உடையாமல் எடுத்துவிடுவர்.

மற்றொன்று கடைதல். பல கிளைகளாகப் பிரியும் மரக்கொம்பில் செய்த மத்தினை இரு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கீரையைக் கடைவர். பிரெஞ்சுக் கிரியோல் மொழியில் அதற்கு 'புவா லேலே' என்று பெயர். கீரை மசியல் கடைந்த தமிழ்ப்பெண் எவரும் அச்செயலைக் கண்ட மாத்திரத்தில் அறிந்துகொள்வர். இந்நாளில் மத்தின் இடத்தை மின்விசைக் கருவி பிடித்துக்கொண்டுள்ளது. கடையும்போது நண்டை எடுத்து வைத்துவிட்டுப் பின்னர்ச் சேர்ப்பது வழக்கம்.

இந்தியர் வருகை

ஆங்கிலேயத் தீவுகளில் 1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1838இல் முழு விடுதலை கிட்டியது. விடுதலை பெற்றோர் பலர் கரும்புத் தோட்டங்களைத் துறந்து சென்றனர். அவர்கள் விட்ட இடத்தை நிரப்பவே ஒப்பந்தக் கூலிமுறை தோன்றியது. 1845ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட 'ஃபாடல் ரசாக்' என்னும் கப்பல் இருநூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்களுடன் டிரினிடாட்டை அடைந்தது. 1917 வரை 1,40,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அத்தீவுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் வட இந்தியர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் சிறுபகுதியினர்.

அவர்கள் அங்குக் கண்ட சேம்பிலையும் வெண்டையும் அவர்களுக்குப் புதியன அல்ல. 1869 முதல், தாயகம் திரும்பும் உரிமைக்கு ஈடாக நிலம் பெறும் ஏற்பாடு உண்டானபின், அவர்கள் நெல்லும் காய்கறியும் பயிரிடும் குடியானவர்களாயினர். கலலூவிற்கு வேண்டிய இலையையும் காயையும் சந்தைக்குக் கொணர்வதில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் பெரும்பங்கு பெற்றனர். சேம்பிலையில் மாவு தடவிப் பொரிக்கும் பலகாரமும் அவர்களால் அத்தீவில் பரவியது.

பிரெஞ்சுத் தீவுகளில் தமிழர் பங்கு இன்னும் அழுத்தமானது. அங்கு 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், 1853 முதல் மார்த்தினிக்குக்கும் 1854 முதல் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கூலிகள் ஏற்றிச் செல்லப்பட்டனர். குவாதலூப்புக்கு மட்டும் 40,000க்கும் மேற்பட்டோர் சென்றனர். மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு சேர்த்து இடித்த பொடி அங்குக் 'கொலொம்போ' எனப்படுகிறது. அப்பொடியிட்டுச் சமைத்த உணவிற்கும் அதுவே பெயர். அஃது இலங்கைத் தலைநகரின் பெயரால் வந்தது என்பாரும், 'குழம்பு' என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபே என்பாரும் உளர். ஈசுடர் திருநாளில் மார்த்தினிக் மக்கள் சமைக்கும் நண்டுக் கறியிலும் அப்பொடி மணக்கிறது. பேசிய தமிழ் அங்குப் பெரும்பாலும் மறைந்தது. அம்மியில் அரைத்த மணம் மறையவில்லை.

கலந்தவையும் கலவாதவையும்

1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் டிரினிடாட்-டொபாகோ விடுதலை பெற்றது. பல இனத்தார் வாழும் அந்நாட்டிற்குக் கலலூவே உவமையாயிற்று. விழாவணிகள் வகுப்பதில் புகழ்பெற்ற கலைஞர் பீட்டர் மின்சால் 1984ஆம் ஆண்டுக் களியாட்டத்தில் தம் அணிக்குக் 'கலலூ' என்றே பெயரிட்டார்.

ஆனால் இவ்வுவமையை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கலலூவில் எல்லாம் கடைந்து ஒன்றாக்கப்படுகின்றன. எது எதுவென்று அறிய இயலாது. அவ்வாறாயின் சிறுபான்மையோரின் சமயமும் மொழியும் பழக்கமும் எங்கே போகும் என்று இந்திய வழியினர் பலர் வினவினர். துண்டு துண்டாக நிற்கும் காய்களை ஒரே தட்டில் வைக்கும் பச்சைக் கலவையே தம் நாட்டிற்குப் பொருத்தமான உவமை என்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் இந்திய வழியினர் நூற்றுக்கு 35 பேர். ஆப்பிரிக்க வழியினர் 34 பேர். கலப்பினத்தார் 23 பேர். ஆகவே இது வெறும் சொல்வழக்கு அன்று. ஆட்சியிலும் பள்ளியிலும் திருமணத்திலும் எதிரொலிக்கும் வினா.

இவ்வினாவிற்கு அடுப்படி தரும் விடை, மேடைகள் தரும் விடையினும் நிதானமானது. பன்றியிறைச்சியை விலக்கும் இல்லங்களில் அஃது இன்றியே கலலூ கொதிக்கிறது. புலால் உண்ணாதார் நண்டையும் நீக்கிவிடுகின்றனர். அவ்வாறு மாற்றியதால் அதனைக் கலலூ அன்று என யாரும் ஒதுக்குவதில்லை. மேலும், மத்து எவ்வளவு கடைந்தாலும் அச்சட்டியில் எல்லாமே கரைவதில்லை. கீரையும் வெண்டையும் குழைகின்றன. நண்டு தன் ஓட்டுடன் கிடக்கிறது. மிளகாய் உடைபடாமல் தன் மணத்தை மட்டும் தந்துவிட்டு விலகுகிறது. எதனை எவ்வளவு கலக்கலாம், எதனை உடைக்கக் கூடாது என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சமைத்த பெண்கள் அறிந்திருந்தனர்.

அத்தீவுகளுக்கு மக்களைக் கொண்டு சேர்த்தது சவுக்கும் ஒப்பந்தத் தாளும். அவர்களை ஒன்றாகக் கலக்க வேண்டும் என்று எந்த முதலாளியும் எண்ணியதில்லை. கரும்பு வெட்டினால் போதும் என்றே எண்ணினர். சட்டியினுள் நிகழ்ந்த கலப்போ அம்மக்கள் தாமே செய்துகொண்டது. சர்க்கரைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாய் மறைந்து, டிரினிடாட்டின் அரசுச் சர்க்கரை நிறுவனமும் 2003இல் ஆயிரக்கணக்கான தொழிலாளரை விடுவித்தது. எவர் இலாபத்திற்காக அம்மக்கள் கொண்டுவரப்பட்டனரோ, அந்த இலாபம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கலலூ மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறது.