கேள்விக்குறியைத் தொலைத்த அப்பா

  

இந்த செமஸ்டர் அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாறு பற்றின வகுப்பு ஒண்ணுல சும்மா போய் உட்கார்ந்து கேட்டுட்டு வர்றேன். நான் படிக்கிறது சிவில் இன்ஜினியரிங். டிவி பார்க்கிறதுக்கு ஒரு வகுப்பா, ஜாலிதான்னு நினைச்சுத்தான் போனேன். போன வாரம் பார்த்தது மனசை விட்டுப் போகலை. அதான் இந்தப் பதிவு.

'ஃபாதர் நோஸ் பெஸ்ட்'னு ஒரு நாடகம். "எது நல்லதுன்னு அப்பாவுக்குத் தெரியும்"னு அர்த்தம். 1949-ல் வானொலியில் ஆரம்பிச்சப்போ தலைப்புக்குக் கடைசியில ஒரு கேள்விக்குறி இருந்ததாம். "அப்பாவுக்குத் தெரியுமா?" அந்த வானொலி அப்பா கொஞ்சம் குத்தலாப் பேசுறவர், தடுமாறுறவர். 1954 அக்டோபரில் தொலைக்காட்சிக்கு வந்தப்போ கேள்விக்குறி போயிடுச்சு. அப்பாவும் மாறிட்டார்.

ஜிம் ஆண்டர்சன், ஸ்பிரிங்ஃபீல்டுங்கிற ஊர்ல இன்சூரன்ஸ் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வருவார், கோட்டைக் கழட்டிட்டு ஸ்வெட்டரை மாட்டுவார். மூணு பிள்ளைகள்ல யாருக்காவது ஒரு பிரச்சினை இருக்கும். அரை மணி நேரத்துல நிதானமா நாலு வார்த்தை பேசி எல்லாத்தையும் சரி பண்ணிடுவார். கோபப்பட்டாலும் அளவோடதான்.

முதல் வருஷத்தோட சிபிஎஸ் இதை நிறுத்திடுச்சு. பார்த்தவங்க கடிதமா எழுதித் தள்ள, 1955-ல் என்பிசி எடுத்துக்கிட்டது. 1960 வரை 203 பகுதிகள் வந்தது. அப்பாவா நடிச்ச ராபர்ட் யங்குக்கு இரண்டு எம்மி விருது. இந்தக் குடும்பத்து மேல அரசாங்கத்துக்கே அவ்வளவு நம்பிக்கை. 1959-ல் சேமிப்புப் பத்திரம் விற்க, அமெரிக்கக் கருவூலத் துறை இவங்களை வெச்சே ஒரு தனிப் பகுதி எடுக்க வெச்சது. சர்வாதிகாரம் வந்தா வீடு எப்படி இருக்கும்னு ஜிம் பிள்ளைகளுக்குக் காட்டுறதுதான் கதை.

சரி, எனக்கு உறுத்தின மேட்டருக்கு வர்றேன். 1956-ல் வந்த ஒரு பகுதி. மூத்த பொண்ணு பெட்டி இன்ஜினியர் ஆகணும்னு ஆசைப்பட்டு சாலை சர்வே பண்ற குழுவுல போய்ச் சேர்றா. அங்க இருக்கிற இளைஞன் ஒருத்தன் பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு விரட்டுறான். அப்புறம் வீட்டுக்கே வந்து அதை நியாயப்படுத்திப் பேசுறான். அதைக் கேட்டு அவ வேலையை விட்டுட்டு, அழகா உடுத்திக்கிட்டு அவன் முன்னாடி வந்து நிக்கிறா. எல்லாருக்கும் சந்தோஷம். சுபம்.

வகுப்புல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வரலை.

நான் ஊர்ல காலேஜ் படிச்சப்போ சர்வே கேம்ப் போகணும். பத்து நாள், வெளியூர். "பொட்டப்புள்ளைய வெயில்ல கம்பு புடிக்கவா அனுப்பற?"ன்னு பெரியப்பா ஒரே சத்தம். அப்பா ஒண்ணும் பேசலை. ராத்திரி என்கிட்ட வந்து, "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. நீ விசாரிச்சியா? சரின்னு படுதா?"ன்னார். ஆமான்னேன். காலைல ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கிட்டு வந்து வாசல்ல வெச்சுட்டு டூட்டிக்குப் போயிட்டார்.

எத்தனையோ நாள் அவர் மேல எனக்கு மனக்குறை. உட்கார வெச்சு நாலு நல்ல வார்த்தை சொன்னதில்லையேன்னு. டிவி அப்பாக்கள் எல்லாம் என்னமாப் பேசுறாங்க! ஆனா ஜிம்முக்கு ஆறு மணிக்கு வீடு, ஸ்வெட்டர், எழுதிக் கொடுத்த வசனம். எங்கப்பாவுக்கு ரெண்டு ஷிஃப்ட்.

அந்த நாடகத்துல மகனா நடிச்ச பில்லி கிரே, அது காட்டின வாழ்க்கையே பொய்னு பின்னாடி வெளிப்படையாச் சொன்னார். ராபர்ட் யங் நிஜத்துல குடிப்பழக்கத்தோடயும் மனச்சோர்வோடயும் பல வருஷம் போராடினவர். அதை மறைக்காமப் பொதுவில பேசினார். இல்லினாய்ல ஒரு மனநல மையத்துக்கே அவர் பேர் வெச்சிருக்காங்க. ஜிம் ஆண்டர்சன் சொன்ன அத்தனை புத்திமதியைவிட, "எனக்கு முடியலை"ன்னு அவர் சொன்னது எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்னு தோணுது.

அதுக்கப்புறம் வந்த டிவி அப்பாக்கள் வரலாறு அந்தக் கேள்விக்குறி வந்து வந்து போன கதைதான். 1971-ல் 'ஆல் இன் த ஃபேமிலி'ல ஆர்ச்சி பங்கர் வந்தார், வாயைத் திறந்தா வெறுப்பும் அறியாமையும். 1984-ல் 'காஸ்பி ஷோ' மறுபடி தப்பே செய்யாத அப்பாவைக் கொண்டு வந்தது. அந்த பில் காஸ்பி மேல 2018-ல் பாலியல் குற்றம் உறுதியாச்சு. 2021-ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம், வழக்கு நடத்தின முறை சரியில்லைன்னு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனா அந்த நல்ல அப்பாவைப் பழையபடி பார்க்க நிறைய பேரால முடியலை.

நேத்து அப்பாகிட்ட ஃபோன்ல இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அந்தப் பொண்ணு கடைசில படிச்சாளா இல்லையா?"ன்னார்.

இல்லப்பான்னேன்.

"அவங்கப்பா கேட்டிருக்கலாம்"னு சொல்லிட்டு வெச்சுட்டார்.