ஜாடியிலிருந்து கண்ணாடித் தொட்டிக்கு

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக்குக் கிழக்கே பங்காய் தீவுக்கூட்டம் இருக்கிறது. 1920-ல் ஸ்வீடனைச் சேர்ந்த வால்டர் காடர்ன் அங்கிருந்து ஒரு சிறு மீனைச் சேகரித்துக் கொண்டுபோனார். 1933-ல் டச்சு அறிஞர் கூமன்ஸ் அதற்கு முறையாகப் பெயரிட்டார். காடர்னின் பெயரும் அதில் இடம்பெற்றது. பிறகு அறுபது ஆண்டுகள் யாரும் அதைத் தேடவில்லை.

1994-ல் மீன் ஆய்வாளர் ஜெரால்ட் ஆலன் அதை மறுபடியும் கண்டார். அந்த மீனுக்குப் போதாத காலம் அன்றே தொடங்கியது எனலாம். வெள்ளி உடம்பு, மூன்று கருப்புப் பட்டை, துடுப்புகளில் வெண்புள்ளிகள், கத்தரிக்கோல்போல் விரிந்த வால். நீளமோ எட்டு சென்டிமீட்டர்தான். அலங்கார மீன் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா?

பிடிப்பதும் எளிது. ஆழமில்லாத, அலை அடங்கிய நீரில் கடல் முள்ளெலியின் நீண்ட கருமுட்களுக்கிடையே இது கூட்டமாக ஒண்டியிருக்கும். முள்ளெலியைச் சுற்றி வலை பிடித்தால் கூட்டமே சிக்கும். 2001 வாக்கில் ஆண்டுக்கு ஆறேழு லட்சம் மீன்கள் போனதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இதற்கு ஈடுகொடுக்கும் வேகம் இதன் பெருக்கத்தில் இல்லை. பல கடல் மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டைகளை நீரோட்டத்தில் விட்டுவிடும். இங்கே பெண் இடுவதோ சில பத்து முட்டைகள்தான். அவற்றை ஆண் வாயில் வாங்கிக்கொள்ளும். பொரிக்க மூன்று வாரம். பொரித்த பின்னும் பத்து நாள் குஞ்சுகள் அப்பன் வாயிலேயே. அத்தனை நாளும் அதற்குப் பட்டினி. வெளியே வருபவை தாய் தகப்பனின் குட்டி அச்சு. மிதந்து போய் வேறு தீவில் குடியேறும் பருவமே அவற்றுக்குக் கிடையாது. ஒரு திட்டு காலியானால் பக்கத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை.

ஆனால் மனிதன் கொண்டுபோய்ப் போட்டான். வியாபாரிகள் வழியாக 2000 வாக்கில் வடசுலவேசியின் லெம்பே நீரிணையில் இறங்கிய மீன்கள் அங்கே பெருகிவிட்டன. சொந்த ஊரிலோ, 2007-ல் அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று சிவப்புப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த அமெரிக்கா கொண்டுவந்த முன்மொழிவு இந்தோனேசியாவின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பிற்பாடு தாய்லாந்துப் பண்ணைகளில் வளர்ந்த குஞ்சுகள் சந்தைக்கு வந்து, கடலிலிருந்து பிடிப்பதன் மீதான நெருக்கடி ஓரளவு தணிந்தது.

இப்போது பங்காயில் வேறொரு சிக்கல். முள்ளெலிகளையும், குஞ்சுகள் ஒதுங்கும் கடல் சாமந்திகளையும் ஊர்க்காரர்கள் உணவுக்காக அள்ளுகிறார்கள். ஒதுங்க இடம் இல்லாத குஞ்சை அடுத்து வரும் பெரிய மீன் விழுங்கிவிடும். சில வேளை அது அதே இனத்துப் பெரிய மீனாகவும் இருக்கும்.