சூப்பர் ஹீரோ பொம்மைகளும் அவற்றின் பெட்டிகளும்: ஒரு வரலாறு

காமிக்ஸ் கதைகளில் வரும் சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன் போன்ற நாயகர்களின் உருவில், கை கால்களை அசைக்கும்படி செய்யப்படும் சிறிய பொம்மைகள் ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ எனப்படுகின்றன. அமெரிக்காவில் 1960களில் தோன்றிய இவ்வகைப் பொம்மைகள், இன்று குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகவும் பெரியவர்களின் சேகரிப்புப் பொருளாகவும் விற்கப்படுகின்றன. 1970, 1980களின் பொம்மைகளை உருவத்திலும் அட்டையிலும் ஒத்திருக்குமாறு இப்போது புதிதாகச் செய்யப்படுபவை ‘ரெட்ரோ’ பொம்மைகள் என்று பெயர் பெற்றுள்ளன. இவற்றின் வரலாற்றை அறிய, பொம்மையோடு அதன் பெட்டியையும் பார்க்க வேண்டும். கிழித்து எறிவதற்காகச் செய்யப்பட்ட பெட்டி, காலப்போக்கில் பொம்மையைவிட விலை உயர்ந்த பொருளாக மாறியதே இவ்வரலாற்றின் மையம்.

பெயர் வந்த விதம்

1959இல் மேட்டல் நிறுவனம் பார்பி பொம்மையை வெளியிட்டது. பொம்மை ஒன்றை வாங்கியவர்கள் அதற்கான உடைகளைத் தொடர்ந்து வாங்கினர். இதே முறையைச் சிறுவர்களிடமும் கையாள ஹாஸ்ப்ரோ நிறுவனம் விரும்பியது. 1964இல் சுமார் 12 அங்குல உயரமுள்ள ‘ஜி.ஐ. ஜோ’ என்ற போர்வீரன் பொம்மையைக் கொண்டுவந்தது. பொம்மை என்றால் அது பெண் குழந்தைகளுக்கு உரியது என்ற எண்ணம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. ஆகவே அதைப் ‘பொம்மை’ என்று அழைக்காமல் ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று அழைத்தனர். விற்பனைக்காகச் சூட்டப்பட்ட அந்தப் பெயரே பின்னர் ஒரு தொழில்துறையின் பெயராயிற்று.

சூப்பர் ஹீரோக்கள் இந்த வரிசையில் சேர்ந்தது 1966இல். ஐடியல் நிறுவனம் வெளியிட்ட ‘கேப்டன் ஆக்‌ஷன்’ என்ற பொம்மைக்குச் சூப்பர்மேன், பேட்மேன் முதலியோரின் உடைகளும் முகமூடிகளும் தனித்தனியே விற்கப்பட்டன. ஒரே ஆள் பல வேடம் போடுவது போன்ற ஏற்பாடு அது. சில ஆண்டுகளிலேயே அதன் விற்பனை நின்றுபோனது.

கடை மாறியது, பெட்டியின் வேலையும் மாறியது

பழைய கடைகளில் பொம்மை வேண்டுவோர் கடைக்காரரிடம் கேட்டு வாங்கினர். பொருளின் சிறப்பை எடுத்துச் சொல்பவர் கடைக்காரரே. கேமார்ட், வால்மார்ட், டார்கெட் ஆகிய மூன்று பெருங்கடைகளும் 1962 என்ற ஒரே ஆண்டில் தொடங்கப்பட்டன. அங்கே வாடிக்கையாளர் தாமே அலமாரியிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில், பெட்டியே விற்பனையாளரின் வேலையைச் செய்ய வேண்டியதாயிற்று.

இதற்கு இரண்டு வழிகள் பின்பற்றப்பட்டன. ஒன்று ஜன்னல் பெட்டி. இதில் பெட்டியின் முன்பக்கத்தை வெட்டி ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை ஒட்டுவார்கள். பொம்மை உள்ளிருந்து தெரியும். மற்றொன்று குமிழ் அட்டை. இதில் படம் அச்சிட்ட தட்டையான அட்டையின் மீது பொம்மையை வைத்து, அதன்மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் குமிழைக் கவிழ்த்து ஒட்டுவார்கள். அட்டையின் மேற்பகுதியில் உள்ள துளை வழியே அதைக் கம்பியில் தொங்கவிடலாம். ஒரே கம்பியில் பல அட்டைகளை மாட்டலாம் என்பதால் இடமும் மிச்சமாயிற்று.

மீகோ நிறுவனம்

சூப்பர் ஹீரோ பொம்மைகளைப் பெருமளவில் பரப்பியது நியூயார்க்கைச் சேர்ந்த மீகோ நிறுவனம். டேவிட் ஏப்ரம்ஸ், மேடலின் ஏப்ரம்ஸ் தம்பதியர் தொடங்கிய இந்நிறுவனம் முதலில் மலிவு விலைப் பொம்மைகளை விற்றுவந்தது. 1970களின் தொடக்கத்தில் அவர்களின் மகன் மார்ட்டி ஏப்ரம்ஸ் தலைமைக்கு வந்தார். 1972இல் ‘உலகின் மாபெரும் சூப்பர் ஹீரோக்கள்’ என்ற பொருள் தரும் பெயரில் 8 அங்குலப் பொம்மை வரிசை தொடங்கியது. சூப்பர்மேன், பேட்மேன், ராபின், அக்வாமேன் ஆகிய நால்வர் முதலில் வந்தனர். தொடர்ந்து ஸ்பைடர்மேன், கேப்டன் அமெரிக்கா முதலியோரும் சேர்ந்தனர். காமிக்ஸ் துறையில் போட்டியாளர்களான டி.சி., மார்வெல் ஆகிய இரு நிறுவனங்களின் நாயகர்களும் ஒரே வரிசையில் நின்றது இதன் தனிச்சிறப்பு.

மீகோவின் வெற்றிக்கு அதன் சிக்கனமும் காரணம். பெரும்பாலான பொம்மைகளுக்கு உடல் ஒன்றே. தலையும் துணி உடையும் மட்டும் மாறும். புதிய நாயகரைக் கொண்டுவர முழு உடலுக்கும் புதிய அச்சு வார்க்க வேண்டியதில்லை. உற்பத்தி ஹாங்காங்கில் நடந்ததால் செலவு மேலும் குறைந்தது.

முதல் பொம்மைகள் நாற்புறமும் மூடிய அட்டைப் பெட்டிகளில் வந்தன. வெளியே அழகிய படம் இருந்தாலும், உள்ளே இருப்பதைக் காண வேண்டுமானால் பெட்டியைத் திறந்தாக வேண்டும். விரைவிலேயே மீகோ ஜன்னல் பெட்டிக்கு மாறியது. பின்னர் குமிழ் அட்டைகளும் வந்தன. ஒரு நாயகனை வாங்கும் சிறுவன் அட்டையைப் பார்த்தே மற்ற நாயகர்களையும் தெரிந்துகொண்டான். ஒரு பெட்டியே அடுத்த பெட்டிக்கு விளம்பரமாயிற்று.

வெற்று உறையை விற்ற கிறிஸ்துமஸ்

1976இல், இன்னும் வெளிவராத ஒரு விண்வெளித் திரைப்படத்தின் பொம்மை உரிமத்தை ஏற்கும் வாய்ப்பு மீகோவுக்கு வந்தது. நிறுவனம் அதை மறுத்துவிட்டது. ‘ஸ்டார் வார்ஸ்’ என்ற அந்தப் படத்தின் உரிமத்தைச் சின்சினாட்டி நகரின் கென்னர் நிறுவனம் பெற்றது. 1977 மே மாதம் வெளியான படம் எதிர்பாராத வெற்றி பெற்றது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்கக் கென்னரால் இயலவில்லை. ஆகவே அந்நிறுவனம் ஓர் அட்டை உறையைக் கடைகளில் விற்றது. உறைக்குள் பொம்மை இல்லை. பொம்மைகளை நிறுத்திவைக்க உதவும் அட்டை மேடையும் ஒரு சான்றிதழும் இருந்தன. சான்றிதழை நிரப்பி அனுப்பியவர்களுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நான்கு பொம்மைகள் அஞ்சலில் வந்து சேர்ந்தன. ஆவலை மட்டுமே நிரப்பிய ஒரு வெற்று உறையும் விற்பனையாகும் என்பதை இது காட்டியது.

கென்னரின் பொம்மைகள் 3¾ அங்குல உயரம் கொண்டவை. உருவம் சிறிதாக இருந்ததால் விலை குறைந்தது. அவற்றுக்கு ஏற்ற வாகனங்களையும் கட்டுப்படியாகும் விலையில் செய்ய முடிந்தது. மற்ற நிறுவனங்களும் இந்த அளவைப் பின்பற்றத் தொடங்கின. 8 அங்குலப் பொம்மைகளின் காலம் மங்கியது. மீகோ 1982இல் திவால் மனு தாக்கல் செய்து, அடுத்த ஆண்டு மறைந்தது.

1984: இரு வரிசைகளின் போட்டி

மீகோவின் மறைவுக்குப் பின் நாயகர்கள் இரு நிறுவனங்களிடையே பிரிந்தனர். டி.சி. நாயகர்களை வைத்துக் கென்னர் 1984இல் ‘சூப்பர் பவர்ஸ்’ வரிசையை வெளியிட்டது. பொம்மையின் காலையோ கையையோ அழுத்தினால் அது குத்துவிடும், அல்லது வேறொரு செயலைச் செய்யும். தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் அட்டையிலும் ஒரு குட்டி காமிக்ஸ் புத்தகமும் இருந்தது. அட்டைகளின் ஓவியங்கள் பெரும்பாலும் ஹோசே லூயிஸ் கார்சியா லோபெஸ் டி.சி. நிறுவனத்திற்காக வரைந்த மாதிரிப் படங்களைத் தழுவியவை. கதைகளில் ஒவ்வோர் ஓவியரும் வெவ்வேறு விதமாக வரைந்த நாயகர்களுக்கு, விற்பனைப் பொருள்களில் ஒரே முகம் கிடைத்தது.

இவ்வரிசையால் ஓர் ஓவியருக்கும் நன்மை விளைந்தது. ஜாக் கிர்பி மார்வெல், டி.சி. ஆகிய இரு நிறுவனங்களுக்கும் எண்ணற்ற பாத்திரங்களைப் படைத்தவர். அக்கால வழக்கப்படி அவற்றின் உரிமை நிறுவனங்களுக்கே சேர்ந்தது. 1970களில் தாம் படைத்த ‘நியூ காட்ஸ்’ பாத்திரங்களை இந்தப் பொம்மைகளுக்காக மறுபடியும் வடிவமைத்துத் தரும் பணி அவருக்கு அளிக்கப்பட்டது. அதன் மூலம் பொம்மை விற்பனையில் அவருக்கு உரிமத்தொகையும் கிடைத்தது.

மார்வெல் நாயகர்களை மேட்டல் ஏற்றது. பொம்மைகளுக்குத் துணையாக ஒரு பெரிய காமிக்ஸ் நிகழ்வு வேண்டும் என்று மேட்டல் கேட்டது. சிறுவர்களிடம் நடத்திய ஆய்வில் ‘ரகசியம்’, ‘போர்’ ஆகிய சொற்களுக்கு நல்ல வரவேற்பு இருந்ததால் ‘சீக்ரெட் வார்ஸ்’ என்ற பெயர் அமைந்ததாக அதை எழுதிய ஜிம் ஷூட்டர் கூறியுள்ளார். முன்பு கதை பொம்மையைப் பெற்றது. இங்கே பொம்மை கதையைப் பெற்றது.

கிழிந்த அட்டையும் கிழியாத அட்டையும்

இந்த அட்டைகளில் எதுவும் பாதுகாக்கப்படுவதற்காகச் செய்யப்படவில்லை. பொம்மையை எடுக்கக் குமிழைப் பிய்த்தாக வேண்டும். அப்போது அட்டையும் கிழியும். அட்டையின் பின்புறத்தில் ‘வாங்கியதற்கான சான்று’ என்ற சிறு கட்டம் இருக்கும். அவற்றை வெட்டிச் சேர்த்து அனுப்பினால் கடையில் கிடைக்காத பொம்மை ஒன்று அஞ்சலில் வரும். சூப்பர் பவர்ஸ் வரிசையின் கிளார்க் கென்ட் பொம்மை இவ்வாறு கிடைத்ததே. அதாவது, அட்டையை வெட்டும்படி நிறுவனமே சிறுவர்களைத் தூண்டியது.

அன்று எல்லாக் குழந்தைகளும் சொன்னபடி வெட்டியதால், வெட்டப்படாத அட்டை பின்னாளில் அரிதாயிற்று. அக்குழந்தைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியபோது இழந்த பொம்மைகளைத் தேடினர். திறக்கப்படாத பொம்மைக்குத் திறந்ததைவிடப் பல மடங்கு விலை ஏற்பட்டது. அட்டையின் மடிப்பு, விலைச்சீட்டை உரித்த தழும்பு, மஞ்சளடைந்த குமிழ் ஆகியவை விலையைக் குறைக்கும். இவற்றை ஆராய்ந்து மதிப்பெண் தந்து, கண்ணாடி போன்ற அக்ரிலிக் பேழையில் அடைத்துத் தரும் நிறுவனங்களும் தோன்றின. அரிய உருவ வேறுபாடுகளுக்கும் மதிப்பு கூடியது. மீகோவின் தொடக்ககாலப் பேட்மேனுக்கு முகமூடியைக் கழற்ற முடியும். பின்னர் அது தலையோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. கழற்றக்கூடிய முகமூடி கொண்ட பேட்மேனே இன்று பெரிதும் தேடப்படுபவர்.

இந்தியாவுக்கும் இச்சேகரிப்பு உலகில் ஒரு சிறு இடமுண்டு. சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் இணைந்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஜி.ஐ. ஜோ பொம்மைகளை இந்தியாவில் தயாரித்தது. அமெரிக்கப் பதிப்பிலிருந்து நிறத்தில் வேறுபட்ட அப்பொம்மைகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர்.

பழைய பாணி மீண்டும் வருதல்

பழைய பொம்மைகள் எட்டாத விலைக்குப் போனபோது, அவற்றைப் போலவே புதியவை செய்து விற்கும் எண்ணம் எழுந்தது. மேட்டல் 2010இல் மீகோ பாணியில் துணி உடையணிந்த டி.சி. நாயகர்களை வெளியிட்டது. 2018இல் மார்ட்டி ஏப்ரம்ஸ் மீகோ என்ற பெயரையே மீட்டெடுத்து, டார்கெட் கடைகளில் பொம்மைகளை விற்கத் தொடங்கினார். மிகப்பெரிய பொம்மைக் கடைத் தொடரான டாய்ஸ் ஆர் அஸ் அமெரிக்காவில் தன் கடைகளை மூடியதும் அதே ஆண்டில்தான். ஹாஸ்ப்ரோ தன் மார்வெல் பொம்மைகளைப் பழைய பாணி அட்டைகளில் வெளியிட்டது. மெக்ஃபார்லேன் டாய்ஸ் 2022இல் சூப்பர் பவர்ஸ் வரிசையைக் கென்னர் அட்டையின் சாயலிலேயே மீண்டும் தொடங்கியது.

இவற்றின் அட்டைகளில் அக்கால எழுத்து வடிவங்களும் நிறங்களும் வேண்டுமென்றே பின்பற்றப்படுகின்றன. வயதுக் குறிப்பும் கவனத்திற்குரியது. அமெரிக்காவில் 2008இல் இயற்றப்பட்ட நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்படி, 12 வயதும் அதற்குக் குறைவும் உள்ளோருக்கான பொருள்கள் மூன்றாம் தரப்பு ஆய்வகச் சோதனையில் தேற வேண்டும். ஆகவே ஒரு பொம்மை குழந்தைக்கா, சேகரிப்பாளருக்கா என்பது வெறும் விளம்பர முடிவாக நிற்பதில்லை.

மூடித் திறந்த ஜன்னல்

பிளாஸ்டிக் கழிவைக் குறைக்கும் நோக்கில், 2022இன் இறுதிக்குள் தன் புதிய பொம்மைகளின் உறைகளில் பிளாஸ்டிக்கை ஏறத்தாழ முழுமையாக நீக்கப்போவதாக ஹாஸ்ப்ரோ அறிவித்திருந்தது. அதன்படி 2022இல் ஜன்னல் இல்லாத, முற்றிலும் மூடிய பெட்டிகள் வந்தன. சேகரிப்பாளர்கள் மனக்குறை தெரிவித்தனர். முகத்தில் வண்ணம் சரியாகப் பூசப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்க முடியவில்லை. உள்ளே வேறு பொம்மையை மாற்றி வைத்துத் திருப்பித் தரும் மோசடிக்கும் அது இடமளித்தது. 2023இல் ஜன்னல் மீண்டும் வரும் என்று நிறுவனம் அறிவித்தது. இம்முறை மறுசுழற்சி செய்த அல்லது தாவரமூலப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துவதாகக் கூறியது. மூடிய பெட்டியிலிருந்து ஜன்னல் பெட்டிக்கு மீகோ மாறி அரை நூற்றாண்டு கழிந்தபின், அதே பாடத்தை வேறொரு நிறுவனம் மீண்டும் படிக்க நேர்ந்தது.

முடிவுரை

மீகோ காலத்துச் சிறுவனுக்கு ஜன்னல் என்பது பொம்மையை அடையும் வரை இருக்கும் தடை. இன்றைய சேகரிப்பாளருக்கு அந்த ஜன்னல் வழியாகப் பார்ப்பதே போதும். ரெட்ரோ பொம்மையை விற்பவர்கள் இவ்விருவரையும் ஒரே அட்டையால் மகிழ்விக்க முயல்கின்றனர். ஆனால் எல்லோரும் பாதுகாத்து வைக்கும் பொருள் அரிதாவதில்லை. பழைய அட்டைகளுக்கு இன்றுள்ள மதிப்பு, அன்று அவற்றைக் கிழித்துப் பொம்மையை எடுத்து, அதன் கை கால் உடையும் வரை விளையாடிய பிள்ளைகளால் வந்தது. அந்த விளையாட்டு நினைவில் நின்றதால்தான் அவர்கள் வளர்ந்த பிறகும் பொம்மையைத் தேடினர். இன்று அட்டையைக் கிழிக்கும் பிள்ளைகள் இல்லாவிட்டால், நாளை அதைத் தேடிவரும் பெரியவர்களும் இருக்கமாட்டார்கள்.