தோட்டத்து டாக்டரும் மூச்சின் அமைதியும்



நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றைப் பேசும்போது நாம் கங்காணியைப் பற்றிப் பேசுகிறோம். கூலியைப் பற்றிப் பேசுகிறோம். மலேரியாவைப் பற்றிப் பேசுகிறோம். மூச்சைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் லயத்துத் திண்ணையில் இரவெல்லாம் உட்கார்ந்தபடியே இருமிக் கழித்த பெரியவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். படுத்தால் மூச்சு முட்டும். நாலடி நடந்தால் இளைக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு உதவும் ஒரு பழைய பயிற்சியையும், அதற்கும் இம்மாநிலத்துக்கும் உள்ள உறவையும் இன்று பார்ப்போம்.

1913ஆம் ஆண்டில், திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்ற இளம் டாக்டர் மலாயாவுக்குக் கப்பலேறினார். 'அம்ப்ரோசியா' என்ற மருத்துவ இதழை ஏற்கெனவே தாய்நாட்டில் நடத்தியவர் அவர். சிரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் ஆஸ்பத்திரி அவர் பொறுப்பில் வந்தது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அங்கே பணியாற்றிவிட்டுப் பின்னர் ஜொகூர் பாருவுக்குச் சென்றார்.

அந்த நாளில் தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டரின் வேலை எளிதானதன்று. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கொக்கிப்புழுவால் வந்த சோகை என்று நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். நெஞ்சு நோய்க்கும் குறைவில்லை. ரப்பர் ஷீட்டைப் புகையிட்டு உலர்த்தும் கொட்டகையில் வேலை செய்தவர்கள் உண்டு. காற்றோட்டமில்லாத அடுப்படியில் விறகுப் புகையோடு சமைத்த பெண்கள் உண்டு. சுருட்டும் பீடியும் ஊதியவர்கள் உண்டு. நெருக்கமான லயங்களில் காசநோய் எளிதில் பரவியது.

டாக்டர் குப்புசாமி 1923இல் மலாயாவை விட்டுப் புறப்பட்டார். 1924 ஜூன் 1ஆம் நாள் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவரைத்தான் உலகம் சுவாமி சிவானந்தர் என்று அறியும். மருந்துப் பெட்டியை அவர் துறக்கவில்லை. கங்கைக் கரையிலும் இலவச மருத்துவமனை நடத்தினார். 1935இல் பிராணாயாமத்தைப் பற்றி ஆங்கிலத்தில் தனி நூலே எழுதினார். சிரம்பானில் மாத்திரையும் கலவை மருந்தும் கொடுத்த கையே பிற்பாடு மூச்சுப் பயிற்சியைப் பற்றி எழுதியது என்பதை நாம் நினைவில் வைக்கலாம்.

அக்காலத்தில் காசநோய்க்கு ஓய்வே பெரிய மருந்தாகக் கருதப்பட்டது. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் மருத்துவமனையிலும் நல்ல காற்றும் ஓய்வும்தான் முதலிடம் பெற்றன. ஆனால் பால்வெட்டுத் தொழிலாளிக்கு ஓய்வு எங்கே கிடைக்கும்? வேலைக்குப் போகாத நாள், கூலி இல்லாத நாள். பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்தன. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தபடியே குணம் பெறலாம் என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வு 1959இல் நிலைநாட்டியது. படுக்கை ஓய்வின் பெருமை அத்தோடு குறைந்தது.

காசநோய் குணமான பிறகும் சிலருக்கு நுரையீரலில் தழும்பு நின்றுவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் புகையை உள்ளிழுத்தவருக்கு மூச்சுக்குழல்கள் சுருங்கிவிடுகின்றன. இந்தச் சேதத்தை முழுவதும் நீக்கும் மருந்து இன்றும் இல்லை. இங்கேதான் வேறொரு வகை ஓய்வு தேவைப்படுகிறது. அது படுக்கையில் கிடக்கும் ஓய்வன்று. தசைக்கும் மனத்துக்கும் கொடுக்கும் ஓய்வு.

ஏன் என்று பார்ப்போம். மூச்சுத் திணறினால் பயம் வருகிறது. பயம் வந்தால் தோளும் கழுத்தும் இறுகுகின்றன, மூச்சு வேகமாகிறது. உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. நெஞ்சில் காற்று தேங்கித் திணறல் இன்னும் கூடுகிறது. பயத்தைத் தணித்து, வெளிமூச்சை நீட்டினால் இந்தச் சுழல் தளர்கிறது.

அமெரிக்க மருத்துவர் ஜேக்கப்சன், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை 1929இல் நூலாக வெளியிட்டார். 1978இல் டாக்டர் டாண்டன் வெளியிட்ட ஆய்வில், கடுமையான மூச்சடைப்புள்ள 22 பேர் இரண்டு சமப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு ஒன்பது மாதம் கவனிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மூச்சுப் பயிற்சி. மற்றதற்கு யோகப் பயிற்சி. முன்னைவிட அதிகம் உழைக்க முடிகிறது, இளைப்பு விரைவில் அடங்குகிறது என்று சொன்னவர்கள் யோகம் பயின்ற பிரிவில்தான் அதிகம்.  சிறிய ஆய்வுதான், ஆயினும் கவனிக்கத்தக்கது.

செய்முறை எளிது. நாற்காலியில் சற்று முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றித் தோளைத் தளர்த்த வேண்டும். மூக்கால் மெல்ல இழுத்து, உதட்டைக் குவித்து, அடுப்பு ஊதுவது போலன்றி, விளக்குச் சுடர் அணையாமல் அசையும் அளவுக்கு மென்மையாக விட வேண்டும். இழுத்த நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் விடலாம். சவாசனம் செய்வோர் தலையையும் முதுகையும் தலையணையால் உயர்த்திக்கொள்வது நல்லது. மூச்சையே கவனித்தால் சிலருக்குப் பயம் கூடும். அவர்கள் தமக்குப் பிடித்த இறைவன் பெயரையோ, இனிய ஓசையொன்றையோ மனத்தில் நிறுத்தலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். நூல்களில் காணும் கும்பகம், அதாவது மூச்சை அடக்கி வைத்தல், நுரையீரல் நோயாளிக்கு ஏற்றதன்று. அடுத்தது, இப்பயிற்சி மருந்துக்குத் துணையே தவிர மாற்றன்று. புகை பிடிப்பதை விடுவதும், டாக்டர் கொடுத்த மருந்தைத் தொடர்வதும் முதற்கடமை. திடீரென்று திணறல் மிகுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதே வழி.

நெகிரி செம்பிலானில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆனால் 1997லும் 2015லும் வந்த புகைமூட்டம், காற்று மாசானால் முதலில் துன்பப்படுவோர் நெஞ்சு பழுதானவர்களே என்பதை நமக்கு நினைவூட்டியது. அன்று ஓய்வு கேட்க முடியாமல் உழைத்தவர்கள் இன்று நம் வீட்டுத் தாத்தாக்கள், பாட்டிகள். மாலையில் ஒரு கால் மணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களோடு நாமும் மெல்ல மூச்சு விடுவோம். அவர்களுக்கு நாம் கொடுக்கத் தவறிய ஓய்வில் ஒரு சிறு பங்கையாவது அப்போது கொடுத்தவர்களாவோம்.