குதிரை எங்கேய்யா?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக்கூடாதுன்னு நம்ம பெரியவங்க சொல்லி வச்சாங்க. ஆனா ரேஸ் குதிரையைக் கட்டாயம் பார்க்கணும் மக்களே! பார்க்காம விட்டதால 1844-ல இங்கிலாந்தில் நடந்த கூத்துதான் இந்தப் பதிவு.

எப்சம் டெர்பி மூணு வயசுக் குதிரைகளுக்கு மட்டுமேயான பந்தயம். அந்த வயசில் ஒரு வருஷ வித்தியாசம்கிறது, ப்ளஸ் டூ பையனை எட்டாங்கிளாஸ் பசங்களோட ஓடவிடற மாதிரி. அந்த வருஷம் 'ரன்னிங் ரெய்ன்'ங்கிற பேரில் வந்து நின்னது, உண்மையில் 'மக்காபியஸ்'ங்கிற நாலு வயசுக் குதிரை. குதிரை மாறாட்டம்! சூத்திரதாரி குட்மேன் லெவி என்ற சூதாடி.

பந்தய விதிகளைக் காவல் காக்கிற அதிகாரிகளுக்கு ஸ்டூவர்டுன்னு பேர். அவங்களுக்குச் சந்தேகமே வரலியான்னு கேட்பீங்க. ரெண்டு தரம் புகாரே போச்சு. 1843-ல நியூமார்க்கெட்டில், ரெண்டு வயசுக் குதிரைகளோட ஓடி இது ஜெயிச்சப்பவே ஆட்சேபம் வந்தது. லாயத்துப் பையன் ஒருத்தன் சாதகமா சாட்சி சொன்னான், விட்டுட்டாங்க. டெர்பிக்கு முன்னாடி மறுபடியும் புகார். "ஓடட்டும், ஜெயிச்சா விசாரிக்கலாம்" என்று முடிவு.

ஜெயிச்சிடுச்சு!

இதில் இன்னொரு கூத்து. அதே பந்தயத்தில் கால் உடைஞ்சு செத்துப்போன 'லியாண்டர்' என்ற குதிரையின் பல்லைப் பரிசோதிச்சா, அதுக்கும் நாலு வயசு :-)

ரெண்டாவதா வந்த 'ஆர்லாண்டோ'வின் சொந்தக்காரர் கர்னல் பீல், அப்போதைய பிரதமர் ராபர்ட் பீலின் தம்பி. பரிசுப் பணம் யாருக்குன்னு கோர்ட்டுக்குப் போச்சு. ரன்னிங் ரெய்ன் தரப்பில் வழக்குப் போட்டவர் உட் என்கிற தானிய வியாபாரி. பீலுக்காக ஊர் ஊரா ஆதாரம் திரட்டினவர் லார்ட் ஜார்ஜ் பென்டிங்க். ஜூலையில் விசாரணை. நீதிபதி ஆல்டர்சன் சாட்சிப் பேச்சோட நிறுத்தலை. குதிரையைக் கொண்டு வாங்கய்யா, பல்லைப் பார்த்துடலாம்னுட்டார்.

குதிரை மாயம்! உட் தரப்பு பின்வாங்கிடுச்சு, டெர்பி ஆர்லாண்டோவுக்கு, லெவி பிரான்சுக்கு ஓட்டம்.

விதி அன்னிக்கும் தெளிவாத்தான் இருந்தது. ஸ்டூவர்டுகள் ஆள் சொன்னதைக் கேட்டாங்க, நீதிபதி குதிரையைக் கேட்டார். வித்தியாசம் அவ்வளவுதான். இப்போ ரேஸ் குதிரைக்குக் கழுத்தில் மைக்ரோசிப் வைக்கிறாங்க. பெற்றோர் யாருன்னு டி.என்.ஏ. சோதனையும் உண்டு. ஜெயிச்ச பிறகு விசாரிக்கிறதைவிட, ஓடறதுக்கு முன்னாடி சரிபார்க்கிறது எவ்வளவோ மேல் இல்லையா? நீங்க என்ன நினைக்கிறீங்க?