அரங்கேற்றமும் ஆய்விதழும்

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்பது பனம்பாரனார் பாயிரம் தரும் செய்தி. கற்றோர் வினவுவர், நூல் செய்தோன் விடையிறுப்பான், அதன் பின்னரே நூல் நாடெங்கும் செல்லும். இந்த அரங்கேற்ற மரபுக்கு நெருங்கிய உறவுடையது இக்கால ஆய்விதழ்களின் துறையறிஞர் மதிப்பீடு.

மேலைநாட்டில் இது படிப்படியாக வளர்ந்த முறையாகும். இலண்டன் அரச கழகத்தின் செயலாளர் ஓல்டன்பர்க் 1665 இல் தொடங்கிய இதழில், கட்டுரைகளைத் தெரிவு செய்யும் பொறுப்பு பெரிதும் அவரிடமே இருந்தது. கழகம் 1752 இல் அதற்கெனக் குழுவொன்றை அமைத்தது. அறிஞர்களின் கருத்தை எழுத்தில் பெறும் வழக்கம் 1830களில் தோன்றியது. பெரும்பாலான இதழ்களில் அது நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான்.

இம்முறையால் தோட்டத் தமிழருக்கு என்ன பயன்? 1942, 1943 ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாம்–பர்மா இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தனர். அதற்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். மாண்ட ஆசியத் தொழிலாளர்க்கு முழுமையான பெயர்ப்பட்டியல் இல்லை. ஆதலின் மேடைதோறும் தொகை மாறுகிறது.

நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், லிங்கி போன்ற வட்டாரங்களின் தோட்டமொன்றிலிருந்து சென்று மீளாதோரைப் பற்றி ஆசிரியர் ஒருவர் கட்டுரை எழுதுவதாகக் கொள்ளலாம். இதழாசிரியர் முதலில் அது இதழுக்கு ஏற்றதா என நோக்குவார். பின்னர், பல இதழ்களில் உள்ள வழக்கப்படி, எழுதியவர் பெயரை நீக்கி, அத்துறை வல்லார் இருவர்க்கோ மூவர்க்கோ அனுப்புவார். "இத்தொகை எங்கிருந்து பெறப்பட்டது? முதியோர் கூற்றைத் தோட்டக் கணக்கேட்டோடு ஒப்பிட்டதுண்டா? கண்டவர் கூறியதா, கேட்டவர் கூறியதா?" என அவர்கள் வினவுவர். கட்டுரை ஏற்கப்படலாம், திருத்தத்திற்குத் திரும்பலாம், மறுக்கப்படலாம். தீர்ப்பு இதழாசிரியருடையது. எழுதியவர் சான்று காட்டி மறுமொழி கூறவும் இடமுண்டு.

இம்முறை குறையற்றதன்று. மதிப்பீட்டாளர் காய்தல் உவத்தலுக்கு ஆட்படலாம். தமிழறியாதவர் வாய்மொழிச் சான்றை எளிதாகத் தள்ளிவிடலாம். நூலகத்தில் உள்ளதே வரலாறு எனின், எழுதப்படாத ஏழையர் வாழ்வு வரலாறாகாது போய்விடும். ஆயினும் அதற்கு மருந்து வினாவைத் தவிர்ப்பதன்று. சொன்னவர் யார், எந்நாளில், எவ்விடத்தில் சொன்னார் என்பதைச் செம்மையாகக் குறித்துவைப்பதேயாகும்.

சயாமிலிருந்து மீண்டோருள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். அவர்தம் மக்களும் முதுமையடைந்துள்ளனர். தமிழ்ப்பள்ளி மாணவன் தன் பாட்டியிடம் கேட்டதை நாளும் பெயரும் இட்டு எழுதப் பழகுவானாயின், அக்குறிப்பு நாளை எந்த அவையிலும் விடை கூறி நிற்கும். மிகைப்படுத்திய தொகை ஒரு வினாவில் வீழும். வீழும்போது மாண்டவர் பற்றிய மெய்யையும் ஐயத்திற்குள்ளாக்கும். மெய்யான பத்துப் பெயர்களோ வினாக்கள் அனைத்தையும் கடந்து வாழும்.