ஏட்டுச் சுரைக்காய்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்காக மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைப் பற்றி நம்மில் பலருக்கு இருக்கும் அபிப்பிராயமும் ஏறக்குறைய அதுதான். அமெரிக்காவில் ஒரு சட்டக் கல்லூரி மாணவி எழுதிய கட்டுரையின் கதையை அறிந்த பிறகு, அந்தப் பழமொழியைச் சற்று யோசித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

லூயிஸியானாவில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர், வெள்ளையருக்கென்று ஒதுக்கியிருந்த ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததற்காகக் கைதானார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 'வசதிகள் சமமாக இருந்தால், பிரித்து வைப்பது சட்டவிரோதம் அல்ல' என்று 1896-இல் தீர்ப்பாயிற்று. பிரித்தார்கள், சமமாக மட்டும் வைக்கவில்லை.

இந்தத் தீர்ப்போடு மல்லுக்கு நிற்க வக்கீல்கள் வேண்டும். அவர்களை உருவாக்கியது வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம். கறுப்பு மாணவர்களுக்குக் கதவு திறந்திருந்த இடம். 1929 முதல் அதன் சட்டக் கல்லூரியைச் சீர்திருத்தி நடத்தியவர் சார்லஸ் ஹூஸ்டன். தேர்ந்த வக்கீல், கண்டிப்பான ஆசிரியர். அவருடைய சீடர் தர்குட் மார்ஷல் பால்டிமோர்க்காரர். சொந்த ஊரிலேயே மேரிலாண்ட் சட்டக் கல்லூரி இருந்தது. ஆனால் அங்கே கறுப்பருக்கு இடமில்லை. ஆகவே ரயிலேறி வாஷிங்டன் போய்ப் படித்து, 1933-இல் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில் குருவும் சீடரும் சேர்ந்து அதே கல்லூரியைக் கோர்ட்டுக்கு இழுத்து, ஒரு கறுப்பு இளைஞருக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்கள். "எங்களுக்கென்று இந்த மாகாணத்தில் தனிச் சட்டக் கல்லூரி உண்டா? இல்லையே! அப்படியானால் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பழைய தீர்ப்பை அவர்கள் எதிர்க்கவில்லை. அதிலுள்ள 'சமம்' என்ற சொல்லையே பிடித்து உலுக்கினார்கள். கெட்டிக்கார வழிதான். ஆனால் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வழக்கு நடத்த வேண்டும்.

1941-இல் ஹோவர்டில் சேர்ந்தார் பாலி மர்ரே. கறுப்பர் என்பதற்காக வட கரோலினா பல்கலைக்கழகம் அவரை ஏற்கெனவே நிராகரித்திருந்தது. 1940-இல் விர்ஜீனியாவில் பஸ்ஸில் பின்னால் போய் உட்கார மறுத்துக் கைதானவரும்கூட. வகுப்பில் அவர் ஒருவரே பெண். முதல் நாளே ஓர் ஆசிரியர், பெண்கள் எதற்காகச் சட்டம் படிக்க வருகிறார்களோ தெரியவில்லை என்றார். வகுப்பு சிரித்தது.

கடைசி வருஷம், 1944-இல், விவாதத்தின்போது மர்ரே எழுந்தார். சமத்துவத்தை அளந்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு, பிரிப்பதே தவறு என்று நேராகச் சொன்னால் என்ன என்று கேட்டார். மறுபடியும் சிரிப்பு. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் 1896 தீர்ப்பு கவிழும் என்று பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்ஸனிடம் பத்து டாலர் பந்தயம் கட்டினார் மர்ரே. பிறகு அதையே கட்டுரையாகவும் எழுதினார். பிரித்து வைப்பதே ஒரு மனிதனின் மனத்தில் காயம் உண்டாக்குகிறது, அரசியல் சட்டத்தின் 13, 14-ஆவது திருத்தங்கள் அதற்கு இடம் தரவில்லை என்று வாதித்தார்.

வகுப்பில் முதலாவதாகத் தேறினார். மேற்படிப்புக்கு ஹார்வர்டுக்கு மனுப்போட்டார். பெண் என்பதற்காக அங்கே மறுத்தார்கள்.

1953-இல் மார்ஷலும் ராபின்ஸனும் மற்றவர்களும் பள்ளிக்கூடப் பிரிவினை வழக்கை நடத்திக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை பிரிவினையையே எதிர்த்தார்கள். அப்போது ராபின்ஸன் அந்தப் பழைய கட்டுரையைத் தேடி எடுத்தார். 1954 மே 17 அன்று, பொதுப் பள்ளிகளில் பிரித்து வைப்பது செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். மர்ரே கேட்டது இருபத்தைந்து ஆண்டு, பத்தே போதுமானதாயிற்று.

சிரித்தவர்கள் கோழைகள் அல்ல. அதே அவமானத்தை அனுபவித்தவர்கள்தாம். பின்னே மர்ரேக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஹோவர்டு வகுப்பில் அவருக்கும் அதே பெஞ்சு, அதே புத்தகம், அதே பரீட்சை. எல்லாம் சமம்தான். ஆனாலும் ஒரு சிரிப்பு அவரைத் தனியே நிறுத்தியது. தனியே நிறுத்தப்பட்ட வலியைச் சமமான பெஞ்சு ஆற்றாது என்பதை அவர் அங்கேயே படித்திருக்க வேண்டும்.

தம் கட்டுரை பயன்பட்ட செய்தி மர்ரேக்கு 1963-இல்தான் தெரிந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவத்தான் செய்தது. விதை போட்டவரைப் பந்திக்கு அழைக்கத்தான் ஒன்பது வருஷம் மறந்துவிட்டார்கள்.